ஜாலியா ஒரு நாவல் குடுங்க மாமா

போன ஆனி மாதம் அக்கா மகள் வந்து எங்களோடு தங்கினாள். படிப்பு முடிந்துவிட்டது. வேலையில் சேரச் சொல்லிக் கடிதம் வர இன்னும் மூன்று மாதம் ஆகும். இரண்டு நாள் போனை நோண்டினாள். மூன்றாம் நாள் என் அலமாரி முன்னால் வந்து நின்று, "ஜாலியா ஒரு நாவல் குடுங்க மாமா. இதைப் பாத்துப் பாத்துக் கண்ணு எரியுது" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாகப் புத்தகம் வாங்கி அடுக்குகிறவனிடம், வீட்டில் ஒரு ஜீவன் முதல்முறையாக வந்து இப்படிக் கேட்டால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை. இருப்பதிலேயே கனமான ஒன்றை உருவிக் கொடுத்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். நல்ல நாவல்தான், ஆனால் நானே இரண்டு தடவை பாதியில் விட்டு மூன்றாம் தடவைதான் முடித்தேன். நாலாம் நாள் அது டீப்பாய் மேல் கிடந்தது, முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியபடி. "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு மாமா" என்றாள். கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரை நல்லா இருக்கு என்று சொல்வோமே, அந்தக் குரல்.

அன்று ராத்திரி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவள் கேட்டது ஜாலியான நாவல். நான் கொடுத்ததோ, மாமா எப்பேர்ப்பட்ட வாசகர் என்று அவள் மலைக்கவேண்டும் என்பதற்காக. இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இலக்கியம் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் நாவல் இன்னொரு பக்கம் என்று நடுவில் ஒரு மதில் எழுப்பிவைத்திருக்கிறோம். அந்த மதிலால் பஸ் ஸ்டாண்டு நாவலுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட புத்தகங்களுக்குத்தான். மூச்சு விடாமல் ஓடும் கதைகள் சிலவற்றின் மேல் 'இலக்கியம்' என்று சீட்டு ஒட்டி, படிக்க நினைப்பவனைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம்.

மறுநாள் வெக்கை நாவலைக் கையில் கொடுத்து, "இது ஒரு சேஸிங் கதை" என்று மட்டும் சொன்னேன். சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர், கரிசல் இலக்கியம் என்றெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

பூமணி 1982-இல் எழுதியது. பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டக் காத்திருக்கிறான். கை மட்டும்தான் குறி, ஆனால் ஆளே செத்துப்போகிறான். முதல் பக்கத்திலேயே இது முடிந்துவிடுகிறது. பிறகு அப்பனும் மகனும் எட்டு நாள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள். கதை அவ்வளவுதான். போலீஸ் பக்கத்தில் வந்துவிட்டதா என்று நமக்குப் பதறும்போது அவர்கள் பாட்டுக்குச் சோறு பொங்க இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த நாவலை நான் இத்தனை தடவை படித்ததற்குக் காரணமே இதுதான். ஓடுகிறவனுக்கும் பசிக்கும், தூக்கம் வரும், ஆத்தா நினைப்பு வரும். சினிமாவில் துரத்தினால் துரத்திக்கொண்டே இருப்பார்கள், ஒருத்தனுக்கும் வயிறு கிடையாது. இதை வைத்துத்தான் 2019-இல் அசுரன் வந்தது. படம் பார்த்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம், படத்தில் வரும் பழைய கதையெல்லாம் புத்தகத்தில் இல்லை. புத்தகம் அந்தப் பையனோடேயே இருக்கிறது. அவன் அப்பனிடம் பேசும் பேச்சை மட்டும் தனியாக எடுத்துவைத்தாலே போதும் என்பேன்.

ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுக் காலையில் கண் சிவந்து வந்தாள். "இதை ஏன் மொதல்ல குடுக்கல?"

பதில் சொல்லாமல் புயலிலே ஒரு தோணியை எடுத்தேன்.

இந்தப் புத்தகத்தை மதிலின் இந்தப் பக்கம் வைத்துப் பூட்டியது பெரும் பாவம். ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். சின்ன வயசில் கப்பலேறி இந்தோனேசியாவின் மெடான் நகரில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் காலம் தள்ளியவர். எழுதியது இரண்டே நாவல். இரண்டாவதான இது 1972-இல் அச்சாகி, வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்தது. கதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடக்கிறது. ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைகிறான், தெருவில் ஜனம் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, போன பாண்டியன் என்கிற இளைஞன் இந்த அமளிக்குள் புகுந்து, தொங்கான் என்கிற சரக்குப் படகில் கடல் தாண்டிப் பினாங்கு போய், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பிறகு எங்கெங்கோ போகிறான். துப்பாக்கி உண்டு, உளவு உண்டு, பெண்கள் உண்டு, நடுக்கடலில் புயல் உண்டு. ஒரு சாகச நாவலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். நடுநடுவே பாண்டியனும் கூட்டாளிகளும் குடித்துவிட்டுத் தமிழ்ப் புலவர்களையும் பழம்பெருமையையும் பக்கம் பக்கமாகக் கிண்டலடிப்பார்கள். சங்கப் பாட்டும் சிலப்பதிகாரமும் தலைகீழாகப் புரளும். புரியாவிட்டால் கவலைப்படாமல் தாண்டிப் போ, இரண்டாம் தடவை படிக்கும்போது சிரிப்பாய் என்றேன். மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைக் குழூஉக்குறிகளும் முதல் ஐம்பது பக்கம் இடறும். பெட்டியடி, மேலாள், அடுத்தாள் என்று வரும். பிறகு பழகிவிடும். அந்தப் புயல் வரும் பக்கங்களில் வாக்கியமே ஆட்டம் காண்கிறது. கப்பலில் போகிறவனுக்குக் குமட்டுவதுபோல எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே குமட்டியிருக்கிறது. இது மிகையில்லை.

அதைப் படிக்க அவளுக்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவள் போன் பெரும்பாலும் சார்ஜரிலேயே கிடந்தது என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "கண்ணாடி போடவேண்டி வந்தா நீதான் காசு குடுக்கணும்" என்றாள் அக்கா.

அடுத்து அவளே பேய்க்கதை கேட்டாள். பேய் என்றால் எனக்கு ஒரே விடைதான், சுஜாதாவின் கொலையுதிர் காலம். குமுதத்தில் தொடராக வந்தபோது வாராவாரம் ஊரே பேசிய கதை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய சொத்து, அதற்கு வாரிசாக ஒரு பெண், ஒரு பழைய மாளிகை, ராத்திரியில் நடக்கக்கூடாத சில காரியங்கள். வக்கீல் கணேஷ் இது விஞ்ஞானம் என்பான், ஜூனியர் வசந்த் இது பேய் என்பான். யார் ஜெயித்தது என்பதில் என் நண்பர்கள் இருவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை சரியாக இல்லை. கணேஷ்-வசந்த் நாவல்களில் நடுவாந்தரமானவையும் நிறைய உண்டு. கிழமை தவறாமல் எழுதிக்கொடுத்தவர், எல்லாம் ஒரே தரத்தில் இருக்குமா? இது அந்த ரகம் இல்லை. வசந்த் பெண்களைப் பார்த்து அடிக்கும் ஜோக்குகளில் பாதி இன்றைக்குச் செல்லாது என்று அக்கா மகள் முகம் சுளித்தாள். அவள் சொன்னது சரி.

அதே சூட்டில் சுஜாதாவின் என் இனிய இயந்திராவும் போயிற்று. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த கதை, நடப்பதோ 2021-ஐ ஒட்டிய காலத்தில். பெயர்களுக்கு இரண்டெழுத்துக்கு மேல் அனுமதி இல்லாத, பிள்ளை பெற அரசாங்கத்தின் உத்தரவு வாங்கவேண்டிய ஒரு நாடு. நிலா என்கிற பெண்ணும் ஜீனோ என்கிற இயந்திர நாயும். ஜீனோ பேசும், படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும். சின்ன வயசில் படிக்கும்போது 2021 எங்கோ இருந்தது. இப்போது அதைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொண்டு, தெருநாய்க்குப் பயந்து வழி மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் இயந்திரம் மட்டும் உண்மையாகவே வந்துவிட்டது. எழுதியவர் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்த பொறியாளர், அதனால் இதில் ஆச்சரியமில்லை.

துப்பறியும் கதை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அது நமக்கு நேற்று வந்த சரக்கு இல்லை. 1908-இல் ஜே.ஆர். ரங்கராஜு ராஜாம்பாள் எழுதி, துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கு ஒரு திகம்பர சாமியார். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், மூளை வேலை செய்ய அவருக்குத் தேநீர் வேண்டும். இவற்றில் பல இன்று மெனக்கெட்டுப் படிக்கும்படி இல்லை, ஆராய்ச்சிக்கு ஆகும். தேவனின் துப்பறியும் சாம்பு மட்டும் விதிவிலக்கு. அசடான பேங்க் குமாஸ்தா தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். ஊர் அவரை மகா மேதை என்று கொண்டாடும். நாவல் என்று சொல்ல முடியாது, சிறுகதைகளின் கோவை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்க ஏற்றது.

சிரிப்பு என்றால் சாவியின் வாஷிங்டனில் திருமணத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். 1963-இல் விகடனில் ஓவியர் கோபுலுவின் படத்தோடு வந்தது. ஒரு அமெரிக்கக் கோடீஸ்வரச் சீமாட்டிக்குத் தஞ்சாவூர்க் கல்யாணம் பார்க்க ஆசை வந்து, சாஸ்திரிகள் முதல் அப்பளம் வரை விமானமேறுகிற கதை. எங்கள் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த புத்தகம். அக்கா மகள் பாதியில் வைத்துவிட்டாள். "ஒரே ஜோக்கை எத்தனை அத்தியாயம் மாமா சொல்வாங்க? இப்போ நெஜமாவே எல்லாரும் அங்கதானே கல்யாணம் பண்றாங்க" என்றாள். அறுபது வருஷத்தில் ஒரு கற்பனை இப்படிச் சாதாரணமாகிப் போனால் ஆசிரியர் பாவம் என்ன செய்வார்?

அவளைச் சிரிக்க வைத்தது நான் எதிர்பாராத ஒன்று. அ. முத்துலிங்கத்தின் உண்மை கலந்த நாட்குறிப்புகள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தொடங்கி ஆப்பிரிக்கா, கனடா என்று உலகம் சுற்றும் ஒரு மனிதரின் வாழ்க்கை. எது நடந்தது, எது கட்டியது என்று தலைப்பே நழுவிக்கொள்கிறது. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் படிக்கலாம். பல் விளக்கிக்கொண்டே ஒரு அத்தியாயம் முடித்தவள் அவள். சிரித்துக்கொண்டே போகும்போது கடைசி வரியில் லேசாக ஒரு குத்து விழும், சுதாரிப்பதற்குள் அடுத்த கதைக்குப் போயிருப்பார்.

மனசு கனத்துப்போயிருக்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து ஜெயகாந்தனின் ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம். எங்கள் அப்பா இறந்த வருஷம் எனக்கே நான் கொடுத்துக்கொண்டது அது. பாத்திரங்கள் மேடையேறிப் பிரசங்கம் செய்கிறார்கள் என்று ஜெயகாந்தன்மேல் ஒரு குறை சொல்வார்கள், பல இடங்களில் அது உண்மை. இதில் அவர் அப்படியே இளகிப்போயிருக்கிறார். பெங்களூரில் வளர்ந்த ஹென்றி, தன்னை வளர்த்தவரின் பழைய வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் என்கிற கிராமத்துக்கு வருகிறான். வீட்டுக்கு உரிமையுள்ள சித்தப்பா, லாரி வைத்திருக்கும் துரைக்கண்ணு. சொத்துத் தகராறு வரப்போகிறது என்று நாம் உட்கார்ந்திருப்போம். வருவது வேறு தகராறு. எனக்கு வேண்டாம் என்கிறான் இவன், எல்லாம் உனக்கே என்கிறார் அவர். நல்லவர்களை மட்டும் வைத்து அலுப்பில்லாமல் ஒரு நாவல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வில்லனே இல்லை, இருந்தும் பக்கம் புரண்டுகொண்டே இருக்கிறது.

சரித்திர நாவலுக்கு என் சிபாரிசு தேவையில்லை. ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையை விட்டதிலிருந்து எத்தனை லட்சம் பேர் பின்னால் போயிருக்கிறார்கள்! நாட்டுடைமையானதால் பொன்னியின் செல்வன் எல்லா விலையிலும் கிடைக்கிறது. ஐந்து பாகம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கையைப் பிசைகிறவர்களிடம் நான் நீட்டுவது பிரபஞ்சனின் மானுடம் வெல்லும். 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி, துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து கிளைத்த கதை. ராஜகுமாரிகளுக்குப் பதிலாகக் கோயில் தாசிகள், அடிமைகள், கவர்னர் வீட்டு அம்மாள், தெருச் சண்டை. அரண்மனையைப் பின்வாசல் வழியாகப் பார்க்கிறமாதிரி இருக்கும்.

காதல் கதையில் நான் மாட்டிக்கொண்டேன். மோகமுள்ளைக் கொடுத்தேன். கும்பகோணம், சங்கீதம், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாமேல் பாபுவுக்கு வந்த பைத்தியம். தி. ஜானகிராமன் எழுதிய காவிரி வாடையும் காபி மணமும் எனக்குத் தலைக்கேறிய விஷயங்கள். அவளுக்கு பாபுவைப் பார்த்தாலே எரிச்சல். "அந்தப் பொண்ணு என்ன நெனைக்குதுன்னு ஒருத்தரும் ஒழுங்கா கேக்கலையே மாமா" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் தொடங்கிய வாக்குவாதம் பாத்திரம் கழுவும்வரை போயிற்று. ஆனால் பாபுவின் குரு ரங்கண்ணா வரும் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள் என்பது புத்தகத்தின் முதுகு மடிந்திருந்த இடத்தைப் பார்த்தால் தெரிந்தது.

பழசு என்றால் தூங்கிவிடுவோம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பி.ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி பத்திரிகையில் வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று, இருபத்தாறில் போய்விட்டார். கடைசிப் பகுதி வேதாந்தத்துக்குள் இறங்கிவிடும், அது இருக்கட்டும். கிராமத்துப் பெண்கள் கூடி வம்பளக்கும் பகுதிகளும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ்ப் பண்டிதரின் அட்டகாசமும் இன்றைக்கும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். தமிழில் நாவல் என்று ஒன்று வந்து, 1879-இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து எண்ணினாலும், இருபது வருஷம்கூட ஆகாத நேரம் அது.

கடைசியாக, அலமாரியில் இருப்பதிலேயே நான் யாருக்கும் தராத ஒன்று. எங்கள் ஆச்சி பைண்டு பண்ணி வைத்திருந்த தில்லானா மோகனாம்பாள்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதிய தொடர், 1950-களின் பிற்பாதியில் வந்தது. ஆச்சி வாராவாரம் கிழித்து, ஊசிநூலில் தைத்து, கடைசியில் பைண்டரிடம் கொடுத்து அட்டை போட்டுவைத்தாள். சிவாஜி-பத்மினி படம் வர இன்னும் பத்து வருஷம் இருந்தது. அதனால் அந்த வீட்டுக்கு கோபுலு வரைந்ததுதான் நாயனக்காரர் சண்முகசுந்தரம், கோபுலு வரைந்ததுதான் ஆட்டக்காரி மோகனா. பக்கங்களின் பின்னால் கூந்தல் தைலம், இருமல் மருந்து விளம்பரங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிற்கும், ஆச்சி ஏழு நாள் அந்த முடிச்சோடு இட்லி அவித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். படத்தில் வருவதைவிடக் கதை ரொம்பப் பெரிசு. நாயனக் கோஷ்டியின் ரயில் பயணங்கள், சத்திரத்துச் சாப்பாடு, பட்டணத்துச் சபா வம்பு, எல்லாவற்றையும் கெடுக்கவென்றே பிறந்த வைத்தி. அந்த ஆள் வாயைத் திறந்தால் நான் பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டு ரசித்த வயசு உண்டு.

அதில் ஒரு வாரம் இல்லை. எதிர்வீட்டு அத்தை இரவல் வாங்கிப் போன இதழ் திரும்பி வரவேயில்லை என்று ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் சண்முகசுந்தரமும் மோகனாவும் முறுக்கிக்கொண்டு நிற்பார்கள், திருப்பினால் ஏதோ நடந்து முடிந்திருக்கும். பத்து வயசில் அந்த ஓட்டையை நானே நிரப்பிக்கொண்டேன். என் கதையில் அன்று பெருமழை, திருவாரூர்த் தெப்பக்குளம் நிரம்பி வழிகிறது, இன்னும் என்னென்னவோ. பிற்பாடு இரண்டு பாகமாகப் புத்தகக் கடையில் கிடைத்தது. நான் வாங்கவில்லை.

வேலைக் கடிதம் வந்து அவள் புறப்படும்போது அந்தப் பைண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்காதான் "பத்திரம்டி" என்றாள். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்குப் போனில் செய்தி வந்தது. "மாமா, நடுவுல ஒரு வாரம் காணோம். ஆபீஸ் பக்கத்துல ஒரு கடைல புது பிரிண்ட் இருந்துச்சு, வாங்கிட்டேன். அந்த அத்தியாயத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், படிங்க."

ஒன்பது படங்கள். மங்கலாகச் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிகின்றன, தொட்டால் தெளிந்துவிடும். இன்னும் தொடவில்லை.